பட்டத்தைப் பறித்தார்கள், புத்தகம் நின்றது

அட்டெண்டன்ஸ் குறைஞ்சா எக்ஸாம் எழுத விடமாட்டாங்களோன்னு ஒவ்வொரு செமஸ்டரும் பயப்படுறோம். ஒரு புத்தகம் எழுதினதுக்காகப் பரீட்சை எழுதவிடாமல் தடுக்கப்பட்ட ஒருத்தர் இருந்தார். அவர் பேர் தாஹிர் ஹத்தாத்.

1899-ல் வட ஆப்பிரிக்காவில், துனிசியாவின் தலைநகர் துனிஸில் பிறந்தார். அப்போ நாடு பிரெஞ்சுக்காரர்கள் பிடியில் இருந்தது. ஹத்தாத் படிச்சது ஸைத்தூனா பள்ளிவாசலில். ஆயிரம் வருஷத்துக்கும் மேல் பழமையான மார்க்கக் கல்விக்கூடம் அது. 1920-ல் அங்கே பட்டம் வாங்கினார். பிறகு தொழிலாளர் சங்க வேலைகளில் இறங்கினார். அந்தச் சங்கத்தை அரசு நசுக்கியதும், 1927-ல் அதன் கதையைப் புத்தகமாக எழுதினார்.

தொழிலாளிக்கு நியாயம் கேட்டவர் அடுத்து வீட்டுக்குள்ளே பார்த்தார். படிப்பு இல்லாத பெண்கள், சம்மதம் கேட்காமல் நடக்கிற நிக்காஹ், கணவன் வாயால் சொன்னதும் முடிஞ்சுபோகிற குடும்பம். இதெல்லாம் மார்க்கம் சொன்னதா, இல்லை நம்ம பழக்கமா? இந்த மாதிரிக் கேள்விகளை எழுதி ஸைத்தூனா அறிஞர்களிடமே கொடுத்தார். அவங்க தந்த பதில்களையும் சேர்த்து, 1930-ல் ஷரீஅத்திலும் சமூகத்திலும் பெண்ணின் நிலை பற்றிய புத்தகத்தை வெளியிட்டார்.

அவருடைய வாதம் சிம்பிள். இஸ்லாம் எதற்காக வந்தது என்பது வேறு, வந்தபோது அந்தச் சமூகத்தில் என்ன இருந்தது என்பது வேறு. அடிமை முறையை இஸ்லாம் ஒரே நாளில் ஒழிக்கலை. ஆனா அடிமையை விடுதலை செய்வதைப் புண்ணியமாக்கி அந்தத் திசையைக் காட்டியது. பெண் விஷயமும் அப்படித்தான் என்றார். பல மனைவிகளிடம் நியாயமா நடக்க முடியாதுன்னு பயந்தால் ஒருத்தி போதும் என்பது குர்ஆன் வைத்த நிபந்தனை. அப்படி முழு நியாயமா நடக்கவே முடியாதுன்னும் அதே அத்தியாயம் சொல்லுது. அதனால் பலதாரமணம் வேண்டாம், தலாக் நீதிமன்றத்தில் நடக்கணும், பெண்கள் படிக்கணும் என்று எழுதினார்.

ஸைத்தூனா கொதிச்சுப்போச்சு. மறுப்பு நூல்கள் வந்தன. சிலர் புத்தகத்தை முழுசாப் படிக்காமலே திட்டினாங்க. அவர் வாங்கிய பட்டத்தைப் பறிச்சாங்க. சட்டப் பரீட்சையும் எழுத விடலை. கூட இருந்தவங்க பலரும் ஒதுங்கிட்டாங்க. 1935 டிசம்பரில், 36 வயசில், தனிமையிலேயே இறந்துபோனார்.

1956-ல் துனிசியா சுதந்திரம் வாங்கியது. அதே வருஷம் ஆகஸ்ட் 13-ல் புதுக் குடும்பச் சட்டம் வந்தது. பலதாரமணத்துக்குத் தடை, நீதிமன்றம் வழியாக மட்டுமே விவாகரத்து, திருமணத்துக்கு மணப்பெண்ணின் சம்மதம் கட்டாயம். அவர் எழுதினதில் பெரும்பகுதி அதில் இருந்தது. அந்த நாளைத்தான் இன்னைக்கும் அங்கே மகளிர் தினமாகக் கொண்டாடுறாங்க.

அவர் இறந்து அதுக்குள்ள கிட்டத்தட்ட 21 வருஷம் ஆகியிருந்தது. எனக்கு இப்போ அதே வயசுதான். அடுத்த மாசம் பட்டம் கையில் வரும்போது, அதை இழந்தாலும் பரவாயில்லைன்னு சொல்ற மாதிரி என்கிட்ட ஏதாவது ஒரு கருத்து இருக்கான்னு யோசிச்சுப் பார்க்கிறேன்.