ஐடா ஸ்கடர்

ஐடா சோபியா ஸ்கடர் (டிசம்பர் 9, 1870 – மே 24, 1960) தமிழ்நாட்டில் பணியாற்றிய அமெரிக்கப் பெண் மருத்துவர் ஆவார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியையும் அதன் மருத்துவமனையையும் நிறுவியவர் இவரே. மக்கள் வழக்கில் சி. எம். சி. என்று அறியப்படும் இந்நிறுவனம் 1900 ஆம் ஆண்டில் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கப்பட்டது. இந்தியாவில் எலும்பு மச்சை மாற்றும் இரத்தக் குருத்தணு (ஸ்டெம் செல்) மாற்றும் பெருமளவில் செய்யப்படும் இடங்களுள் இது முக்கியமானது. இதற்கெல்லாம் காரணமான நிகழ்ச்சி நடந்த இடம் வேலூர் அன்று, இன்றைய விழுப்புரம் மாவட்டத்திலுள்ள திண்டிவனம் என்பது பலரும் அறியாத செய்தி.

குடும்பம்

ஐடா இராணிப்பேட்டையில் பிறந்தார். தந்தை மருத்துவர் ஜான் ஸ்கடர் (இளையவர்), தாய் சோபியா. ஐந்து ஆண் பிள்ளைகளுக்குப் பின் பிறந்த ஒரே பெண் குழந்தை இவர்.

இவருடைய தாத்தாவின் பெயரும் ஜான் ஸ்கடர் என்பதே. நியூயார்க்கில் மருத்துவராக இருந்த அவர் 1819 இல் அமெரிக்காவை விட்டுப் புறப்பட்டு, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் தங்கி மருத்துவப் பணியும் சமயப் பணியும் செய்தார். பின்னர் சென்னைக்கு வந்தார். (மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த சாமுவேல் கிறீன், பிற்காலத்தில் இதே அமெரிக்க மிசன் வழியாகவே யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் பணியாற்றினார்.) மூத்த ஸ்கடரின் மக்கள் தொடங்கிய ஆற்காடு மிசன், வட ஆற்காடு, தென் ஆற்காடு மாவட்டங்களில் பள்ளிகளையும் மருந்தகங்களையும் நடத்தியது. நான்கு தலைமுறைகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஸ்கடர் குடும்பத்தினர் இத்தகைய பணியில் இருந்துள்ளனர்.

இளமை

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின்போது ஐடாவுக்கு ஆறேழு வயது. பட்டினியால் எழுந்து வர இயலாத குழந்தைகளுக்கு ரொட்டித் துண்டுகளை ஊட்டும் வேலை இச்சிறுமிக்கும் தரப்பட்டது. அக்காட்சிகள் இந்தியாவைப் பற்றிய அச்சத்தையே இவர் மனத்தில் பதித்தன. பஞ்சத்துக்குப் பின் குடும்பம் அமெரிக்கா சென்றது. சில ஆண்டுகளில் தந்தையும், அடுத்துத் தாயும் இந்தியா திரும்பினர். உறவினர் பொறுப்பில் சிகாகோவில் விடப்பட்ட ஐடா, பின்னர் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் நார்த்பீல்டு பெண்கள் பள்ளியில் சேர்ந்தார். குடும்பத் தொழிலாகிவிட்ட மிசன் பணியில் இவருக்குச் சிறிதும் விருப்பமில்லை. அமெரிக்காவிலேயே மணம் செய்துகொண்டு வாழ்வதே இவர் எண்ணமாக இருந்தது.

திண்டிவனம்

1890 இல் தாயார் நோயுற்ற செய்தி வந்தது. அப்போது பெற்றோர் திண்டிவனத்தில் இருந்தனர். அவ்வூர் அன்று தென் ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. 1993 இல் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது விழுப்புரம் மாவட்டத்தில் சேர்ந்தது. தாயைக் கவனிக்கவும், தாய் நடத்திவந்த பெண்கள் பள்ளியைத் தற்காலிகமாகப் பார்த்துக்கொள்ளவும் மட்டுமே ஐடா வந்தார். தாய் தேறியதும் திரும்பிவிடுவது என்பதே ஏற்பாடு.

ஓர் இரவு பிராமண இளைஞர் ஒருவர் மிசன் வீட்டுக் கதவைத் தட்டினார். அவருடைய இளம் மனைவி பேறுகால வேதனையில் இருந்தார்; மருத்துவச்சியால் இயன்றது எதுவுமில்லை. தம் தந்தை கைதேர்ந்த மருத்துவர், அவரை அழைத்துச் செல்லலாம் என்றார் ஐடா. வேற்று ஆடவர் தம் மனைவியைப் பார்ப்பது வழக்கத்துக்கு ஒவ்வாது என்று மறுத்த அவ்விளைஞர், ஐடாவே வரவேண்டும் என்று கேட்டார். மருத்துவம் ஏதும் அறியாத ஐடாவால் செல்ல முடியவில்லை. சிறிது நேரத்தில் முசுலிம் ஒருவர் வந்தார். அவருடைய நிலையும் அதுவே, மறுப்பும் அதுவே. மூன்றாவதாக வந்த மற்றோர் இந்துக் குடும்பத்தவரும் அவ்வாறே திரும்பிச் சென்றார். பொழுது விடிந்தபோது ஊரிலிருந்து சாப்பறை ஒலி கேட்டது. மூன்று பெண்களும் இறந்துவிட்டதாக வீட்டுப் பணியாள் வந்து தெரிவித்தார்.

இந்நிகழ்ச்சி ஐடாவின் எல்லா வாழ்க்கை வரலாறுகளிலும் இடம்பெறுகிறது. அக்கால நிலையையும் இதனுடன் சேர்த்து நோக்குதல் வேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரி 1875 இலேயே மேரி சார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. ஆண் மருத்துவரிடம் செல்லாத பெண்களுக்கென 1885 இல் சென்னையில் ஒரு மருத்துவமனையும் திறக்கப்பட்டது. ஆனால் அது திண்டிவனத்திலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. அன்றிரவு மருந்தும் இருந்தது, மருத்துவரும் இருந்தார்; மூன்று வீட்டாருக்கும் ஏற்புடைய ஒருவர்தான் இல்லை. கணவர்களைக் கொடியவர்களாகச் சித்தரிப்பது சரியாகத் தோன்றவில்லை. உதவி தேடி நள்ளிரவில் அயல்நாட்டார் வீட்டுக் கதவைத் தட்டியவர்கள் அவர்கள்.

அன்று காலையே தாம் மருத்துவம் படிக்கப் போவதாக ஐடா பெற்றோரிடம் தெரிவித்தார்.

மருத்துவக் கல்வியும் வேலூரும்

1895 இல் பிலடெல்பியாவிலிருந்த பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி பெண்களுக்கு இடமளிக்கத் தொடங்கியதும் அங்கு மாறி, 1899 இல் பட்டம் பெற்றார். வேலூரில் பெண்களுக்கான மருத்துவமனை ஒன்றை அமைக்க 8,000 டாலர் திரட்டும் பொறுப்பு இவரிடம் தரப்பட்டது. ஷெல் என்ற நியூயார்க் வங்கியாளர், மறைந்த தம் மனைவியின் நினைவாகத் தாம் ஒருவரே 10,000 டாலர் அளித்தார். அதனுடன், தோழி ஆனி ஹான்காக் துணைவர, 1900 சனவரியில் ஐடா இந்தியா வந்து சேர்ந்தார்.

உடனிருந்து தொழில் பழக்குவார் என்று இவர் நம்பியிருந்த தந்தை அதே ஆண்டில் காலமானார். அனுபவமற்ற இளம் பெண் மருத்துவரைத் தேடி முதலில் எவரும் வரவில்லை. மிசன் வீட்டின் ஓர் அறையில் ஒரு படுக்கையை இட்டு மருத்துவம் பார்க்கத் தொடங்கிய இவர், இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 5,000 நோயாளிகளைக் கவனித்தார். 1902 இல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. பிளேக்கு, காலரா முதலிய கொள்ளைநோய்களையும் அவ்வாண்டுகளில் இவர் எதிர்கொள்ள நேர்ந்தது. 1909 இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்.

மருத்துவமனைக்கு வர இயலாதோர்க்காகச் சாலையோர மருந்தகங்களையும் நடத்தினார். முதலில் மாட்டு வண்டியிலும், 1909 முதல் பிரான்சு நாட்டுப் பேஜோ மகிழுந்திலும் சென்று, குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் நிறுத்தி, காத்திருப்போரைப் பார்ப்பது வழக்கம். மாடில்லாமல் ஓடும் வண்டியைக் கண்டு தொடக்கத்தில் ஊரார் ஓடி ஒளிந்தனராம்.

பெண்கள் மருத்துவப் பள்ளி

தாம் ஒருவர் எத்தனை பேரைக் காப்பாற்ற முடியும் என்ற கேள்வி இவரை விடவில்லை. இந்தியப் பெண்களையே மருத்துவர்களாக்க வேண்டும் என முடிவு செய்தார். மூன்று பேர் விண்ணப்பித்தாலே பெரிது என்று மாகாண மருத்துவத் துறைத் தலைவர் கருதினார். நூற்றுக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். ஆகஸ்டு 12, 1918 அன்று பள்ளி தொடங்கியது. சேர்க்கப்பட்டோர் 17 பேர். ஒரு நுண்ணோக்கி, ஓர் எலும்புக்கூடு, சில நூல்கள் ஆகியவையே கருவிகள். உடற்கூற்றியலை ஐடாவே கற்பித்தார். மாகாண அளவிலான முதல் தேர்வில் ஆண் மாணவர்களுள் பெரும்பாலோர் தவறியபோது, வேலூர் மாணவியர் அனைவரும் தேறினர். 1922 இல் முதல் தொகுதியினர் 14 பேர் எல். எம். பி. பட்டயம் பெற்று வெளியேறினர்.

1928 இல் மகாத்மா காந்தி இப்பள்ளிக்கு வருகை தந்தார். பாகாயத்தில் 200 ஏக்கர் நிலத்தில் புதிய வளாகத்துக்கான பணியும் அவ்வாண்டே தொடங்கியது.

1930களின் இறுதியில் பெருஞ்சோதனை வந்தது. பட்டயப் படிப்பு நிறுத்தப்படும், இனி மருத்துவக் கல்வி பல்கலைக்கழகப் பட்டமாகவே இருக்க வேண்டும் என்று சென்னை அரசு முடிவெடுத்தது. தரத்தை உயர்த்தும் நோக்கில் அது சரியான முடிவே எனலாம். ஆயினும் வேலூரிடம் அதற்குரிய ஆய்வகங்களோ பேராசிரியர்களோ பணமோ இல்லை; பள்ளி மூடப்படும் நிலை ஏற்பட்டது. எழுபது வயதை எட்டிய ஐடா அமெரிக்கா சென்று, போர்க்காலத்தில் ஊர் ஊராக நிதி திரட்டினார். ஆண்களையும் சேர்த்துக்கொண்டால் கூடுதல் திருச்சபைகளின் உதவி கிட்டும் என்ற கருத்து எழுந்தது. பெண்களுக்கென நிதி திரட்டித் தந்த நெடுநாள் நண்பர் லூசி பீபாடி இதை வன்மையாக எதிர்த்தார். நிறுவனம் பிழைத்திருப்பதே முதன்மை என்று கருதிய ஐடா மாற்றத்தை ஏற்றார். அதனால் நட்பில் விரிசல் விழுந்தது. 1942 இல் எம். பி. பி. எஸ். வகுப்புகள் தொடங்கின. அதே பத்தாண்டில் ஆண் மாணவர்களும் சேர்க்கப்பட்டனர்.

1946 இல் ஐடா ஓய்வு பெற்றார். அவரையடுத்துப் பொறுப்பேற்றவர் இந்தியரான மருத்துவர் ஹில்டா லாசரஸ். ஐடா மணம் செய்துகொள்ளவில்லை. கோடைக்கானலில் தம் இல்லத்தில் 1960 மே மாதம் காலமானார். உடல் வேலூரில் அடக்கம் செய்யப்பட்டது. (வேலூரில் கதிரியக்கத் துறையை வளர்த்த மருத்துவர் ஐடா பி. ஸ்கடர் இவருடைய அண்ணன் மகள். பெயர் ஒற்றுமையால் இருவரையும் ஒருவராகக் கருதுவோர் உளர்.)

குருத்தணு மாற்றும் வேலூரும்

எலும்பு மச்சையிலுள்ள குருத்தணுக்களே சிவப்பணு, வெள்ளையணு, குருதிச் சிறுதட்டு ஆகியவற்றை வாழ்நாள் முழுதும் உண்டாக்குகின்றன. தலசீமியா, இரத்தப் புற்றுநோய், மச்சை செயலிழத்தல் போன்ற நோய்களில் இவ்வணுக்களை மாற்றிக் குணமளிக்க முடியும். அமெரிக்க மருத்துவர் டொனால் தாமஸ் 1957 இல், ஐடா வாழ்ந்திருந்த காலத்திலேயே, முதல் முயற்சிகளை வெளியிட்டார். 1990 இல் நோபல் பரிசு பெற்றார். இந்தியாவில் முதலாவது எலும்பு மச்சை மாற்று 1983 இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் நடந்தது. வேலூரில் 1986 இல் இச்சிகிச்சை தொடங்கியது.

இதிலுள்ள பெருந்தடை திசுப் பொருத்தம். உடன்பிறந்தவர் ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று மட்டுமே. மற்றவர்க்கு அயலார் எவரேனும் கொடையளிக்க வேண்டும். இதற்கென 2009 இல் சென்னையில் தாத்ரி என்னும் கொடையாளர் பதிவகம் தொடங்கப்பட்டது. திசு வகைகள் இன மரபை ஒட்டி அமைவதால், தமிழ் நோயாளிக்குப் பொருத்தமானவர் ஐரோப்பியப் பதிவகங்களில் கிடைப்பது அரிது.

கொடையளிப்பது பலர் அஞ்சுவதுபோல் பெரிய அறுவை அன்று. பெரும்பாலும் நான்கைந்து நாள் ஊசி மருந்து செலுத்தி, குருத்தணுக்களை இரத்த ஓட்டத்துக்கு வரச்செய்து, கையிலிருந்து எடுக்கும் குருதியில் அவற்றை மட்டும் பிரித்துக்கொண்டு எஞ்சியதைத் திரும்பச் செலுத்துவர். சில மணி நேரம் ஆகும். உடல்வலி, காய்ச்சல் போன்றவை சில நாட்கள் இருக்கலாம். எடுத்த அணுக்களை உடல் மீண்டும் உண்டாக்கிக்கொள்ளும்.

இருந்தும், பொருத்தம் கண்டறியப்பட்ட பின் வீட்டாரின் தடையால் கொடையாளர் விலகுவது பதிவகங்கள் தொடர்ந்து சந்திக்கும் இடராக உள்ளது. முதுகுத் தண்டு பாதிக்கப்படும், மணமாகாத பெண்ணுக்குப் பிற்காலத்தில் குழந்தை பிறக்காது என்பன போன்ற அச்சங்களே பெரும்பாலும் காரணம், இரண்டும் பிழை. மாற்றுக்கு முன் நோயாளியின் மச்சை மருந்தால் அழிக்கப்படுகிறது. அந்நிலையில் கொடையாளர் பின்வாங்கினால் நோயாளி இறக்க நேரிடும். திண்டிவனத்து இரவைப் போலவே இங்கும் மருத்துவம் வாசல்வரை வந்து நிற்க, வீட்டின் இசைவு முடிவைத் தீர்மானிக்கிறது.

விழுப்புரம் மாவட்டத்தில் இன்று முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. வேலூரில் இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை ஆதரவுடன் பாகாயம் வளாகத்தில் குருத்தணு ஆய்வு மையம் செயல்படுகிறது. கடுமையான ஹீமோபீலியா நோயுற்ற ஐவருக்கு, அவர்களுடைய சொந்தக் குருத்தணுக்களிலேயே விடுபட்ட மரபணுவைச் சேர்த்துத் திரும்பச் செலுத்திய வேலூர் மருத்துவர்களின் ஆய்வு 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்தது. சிகிச்சைக்குப் பின் கண்காணிக்கப்பட்ட காலத்தில் ஐவருக்கும் இரத்தக் கசிவு ஏற்படவில்லை.