காலண்டரில் சாமி தந்த கொண்டையராஜு

எட்டயபுரத்தில் மகாகவி பாரதியார் பிறந்தார். சங்கீத மேதை முத்துசாமி தீட்சிதர் 1835-ல் காலமானதும் அங்கேதான். அந்த ஊரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் போனால் கோவில்பட்டி. சுற்றிலும் கரிசல் மண். பருத்தியும் கம்பும் விளையும் மானாவாரிப் பூமி.

இந்த ஊரில் இருந்துகொண்டு, தமிழ்நாட்டு வீடுகளுக்கெல்லாம் சாமி படம் எழுதித் தந்தார் ஒருவர். அவர்தான் ஓவியர் சி. கொண்டையராஜு.

துறவு நாடியவர்

அவர் பிறந்தது 1898-ல், சென்னை மயிலாப்பூரில். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார். ஆனால் மனம் துறவை நாடியது. திருவண்ணாமலைக்குப் போய் ரமண மகரிஷியின் ஆசிரமத்தில் தங்கினார். தூரிகை அவரை விடவில்லை! நாடகக் கம்பெனிக்குச் சீன் படுதா எழுத வந்துவிட்டார். ஆனாலும் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

ராஜ தர்பார், நந்தவனம், காடு, தெரு எல்லாம் துணியில் தத்ரூபமாக நிற்க வேண்டும். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரிய வேண்டும். அந்தப் பழக்கம் பின்னால் அவருக்குப் பெரிதும் உதவியது.

கலைந்த கம்பெனி

1931-ல் தமிழ்ப் பேசும்படம் வந்தது. அதன் பிறகு நாடகக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக நொடித்தன. 1942-ல் கோவில்பட்டிக்கு வந்த ராஜுவின் கம்பெனியும் அங்கேயே கலைந்தது. நடிகர்கள் மூலைக்கு ஒருவராகப் போனார்கள்.

ராஜுவுக்கு அப்போது வயது 44. வேலை இல்லை. சொந்த ஊரும் அல்ல. சென்னைக்குத் திரும்பியிருக்கலாம். அவர் திரும்பவில்லை. 1944-ல் கோவில்பட்டியிலேயே தேவி ஆர்ட் ஸ்டூடியோ தொடங்கியது. போட்டோ பிடிப்பது, அதற்குப் பின்னணித் திரை எழுதுவது, கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வர்ணம் தீட்டுவது என்று பிழைப்பு நடந்தது. சீடர்களும் சேர்ந்தார்கள்.

சிவகாசி அழைத்தது

பக்கத்துச் சிவகாசியில் அச்சகங்கள் பெருகின. ஜவுளிக்கடை, மளிகைக்கடை எல்லாம் வாடிக்கையாளருக்கு இனாமாகக் காலண்டர் கொடுத்தன. மேலே சாமி படம், நடுவில் கடைப்பெயர், கீழே தேதித்தாள். படம் ராஜு எழுதியது.

அவருடைய மீனாட்சி கல்யாணத்தைப் பார்க்காத குடும்பம் உண்டா? பெருமாள் தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்கிறார். மதுரைக் கோயில் கல்தூணில் உள்ள அதே காட்சிதான். அதற்குப் பட்டும், நகையும், மணப்பெண்ணின் நாணமும் தந்தார் ராஜு.

சீடர்கள் டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம் ஆகியோரின் பெயர்களும் படங்களில் அவர் பெயரோடு சேர்ந்தே வந்தன. எத்தனை குரு இப்படி இடம் கொடுப்பார்?

வெறும் காலண்டர் படம் என்று ஒதுக்கியவர்களும் உண்டு. காலண்டருக்கு ஆயுள் ஒரே வருஷம்தானே! ஆனால் தை பிறந்தும் ஜனங்கள் அதைத் தூக்கி எறியவில்லை. தேதித்தாளைக் கிழித்துவிட்டு, படத்துக்குக் கண்ணாடி போட்டுப் பூஜைக்கு வைத்தார்கள்.

1976-ல் ராஜு காலமானார்.

பழைய வீடுகளில் அந்தப் படங்கள் இன்னும் தொங்குகின்றன. குங்குமம் இட்டு இட்டுக் கண்ணாடி மங்கியிருக்கும். துடைத்துவிட்டுப் படத்தின் ஓரத்தைப் பாருங்கள். பொடி எழுத்தில் ஒரு பெயர் இருக்கும்.