கச்சேரியை எந்த வரிசையில் முடிக்கணும்? வழி காட்டிய அரியக்குடி

ஆப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் டேட்டாபேஸை நிறுத்தினால் என்ன ஆகும்? யாரோ போட்ட ஆர்டர் பாதியில் தொங்கும். அதனால்தான் மென்பொருளில் ஒரு விதி: முதலில் ஆப், அப்புறம்தான் டேட்டாபேஸ். சார்ந்து ஓடுவது முதலில் நிற்கணும், தாங்குவது கடைசியில் நிற்கணும்.

இதே ஒழுங்கை கர்நாடக சங்கீத மேடையிலும் பார்க்கலாம். இன்றைய கச்சேரி வரிசையை நிலைநிறுத்தியவர், காரைக்குடி பக்கத்து அரியக்குடியில் 1890-ல் பிறந்த ராமானுஜ ஐயங்கார்.

புதுக்கோட்டை மலையப்ப ஐயர், நாமக்கல் நரசிம்ம ஐயங்கார் ஆகியோரிடம் கற்ற அவர், பிறகு பூச்சி சீனிவாச ஐயங்காரிடம் சேர்ந்தார். அப்போதெல்லாம் ராகம் தானம் பல்லவியே கச்சேரியின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். சமஸ்தானங்களின் ஆதரவு குறைந்து, சபாக்களுக்கு டிக்கெட் வாங்கி வரும் கூட்டம் வளர்ந்துகொண்டிருந்த காலம். மறுநாள் வேலைக்குப் போகிறவர்களை எவ்வளவு நேரம் உட்கார வைக்க முடியும்?

அரியக்குடி ஒவ்வொன்றுக்கும் இடமும் அளவும் வைத்தார். வர்ணத்தில் தொடக்கம். விறுவிறுப்பான கீர்த்தனைகள். விரிவான ஒரு பெரிய உருப்படி, அதில் தனி ஆவர்த்தனம். அளவான பல்லவி. துக்கடாக்கள். மங்களம்.

இதில் தனி ஆவர்த்தனத்தைக் கவனிக்கணும். பாட்டை முழுசா முடித்துவிட்டு மிருதங்கத்துக்கு இடம் விடுவதில்லை. பாட்டு காத்திருக்கும், தாளம் போடும் கை நிற்காது. மிருதங்கக்காரர் கோர்வை வைத்துப் பாட்டின் எடுப்புக்கு வந்து சேர்ந்ததும், பாடகர் அந்த வரியைப் பிடித்து முடிப்பார். உள்ளே ஓடும் வேலை முடிந்த பிறகே வெளியே இருப்பது மூடப்படுகிறது.

தம்பூராவும் அப்படித்தான். முதலில் ஒலிப்பது அது. மங்களம் முடிந்து, குரலும் வயலினும் மிருதங்கமும் ஓய்ந்த பிறகே நிற்கும். நடுவில் நின்றால் எல்லோருக்கும் சுருதி ஆட்டம் காணும்.

தம்பூராவும் தனியும் அவருக்கு முன்பே இருந்தவைதான். அவற்றைச் சேர்த்து, தொய்வில்லாமல் தொடங்கி நிறைவாக முடிகிற கச்சேரியாக்கியது அவர் பங்கு.

1938-ல் சங்கீத கலாநிதி, 1958-ல் பத்ம பூஷண். 1967-ல் காலமானார். அதற்குள் கே.வி. நாராயணசுவாமி, பி. ராஜம் ஐயர் போன்ற சீடர்களிடம் அந்த ஒழுங்கை ஒப்படைத்திருந்தார். அவர் இல்லாமலும் கச்சேரி நடக்கிறது, அதே வரிசையில்.