கவண் ஏந்திய கரம் - ஹழ்ரத் தாவூது நபி (அலை) அவர்களின் வாழ்வும் நமக்குள்ள பாடமும்

தருமபுரி மாவட்டத்தில் காரிமங்கலம், பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்து மானாவாரி நிலங்களில் பயிர் செய்த பெரியவர்களுக்குக் கவண் புதிதல்ல. ராகியும் சோளமும் சாமையும் கதிர் பிடிக்கும் காலத்தில் காவல் காப்பது பெரிய பாடு. பகலில் குருவிக் கூட்டம் வரும். இரவில் காட்டுப்பன்றி வரும். பரண் மேல் இருப்பவர் கையில் உள்ளதெல்லாம் ஒரு கவணும் மடி நிறையக் கல்லும்தான். நார் அல்லது நூலால் திரித்த இரண்டு கயிறுகள். நடுவில் கல் வைக்க ஓர் அகன்ற பட்டை. ஒரு கயிற்றின் நுனியில் உள்ள கண்ணி விரலில் மாட்டியிருக்கும். மற்றொரு நுனியை விரலிடுக்கில் பிடித்துச் சுழற்றி, தக்க தருணத்தில் விட்டுவிட்டால் கல் பாய்ந்து செல்லும். கையால் எறியும் கல் போகாத தூரத்துக்கும், அதனினும் அதிக வேகத்தோடும் போகும்.

இந்த எளிய கருவி உலகத்தின் மிகப் பழைய ஆயுதங்களில் ஒன்று. மூவாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அடக்கம் செய்யப்பட்ட எகிப்து மன்னன் துத்தன்காமன் சமாதியிலிருந்து நூலால் பின்னிய கவண் எடுக்கப்பட்டது. கி.மு. 701-இல் அசீரியர்கள் பாலஸ்தீனத்தில் லாகீஷ் நகரை முற்றுகையிட்ட காட்சியைக் கல்லில் செதுக்கி வைத்தார்கள். அதில் கவண் வீரர்கள் அணிவகுத்து நிற்கிறார்கள். அந்தச் சிற்பம் இன்று லண்டனிலுள்ள பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. பிற்காலத்தில் ஆள் உயரத் தடியின் நுனியில் கவணைக் கட்டி, இரண்டு கைகளாலும் வீசும் வழக்கம் வந்தது. ஒற்றைக் கையால் வீச முடியாத பாரமான கல்லையும் அதைக் கொண்டு கோட்டைக்குள் எறிந்தார்கள். அதே முறையைப் பெரிய மரத்தண்டில் அமைத்ததுதான் மின்ஜனீக் என்னும் கல்லெறி பொறி. ஹிஜ்ரி 8-இல் தாயிஃப் முற்றுகையின்போது முஸ்லிம்கள் இந்தப் பொறியைப் பயன்படுத்தினார்கள் என்று சரித்திர ஆசிரியர்கள் எழுதுகிறார்கள்.

ஆனால் கவண் என்றவுடன் யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம் ஆகிய முத்தரப்பாருக்கும் நினைவில் வருபவர் ஒருவரே. அவர்தாம் ஹழ்ரத் தாவூது நபி அலைஹிஸ்ஸலாம். அன்னாரின் வாழ்வைச் சற்றே விரிவாகப் பார்ப்போம்.

தாலூத்தின் படை

மூஸா நபி (அலை) அவர்களுக்குப் பல தலைமுறைகள் பின்னால் பனூ இஸ்ராயீல் கூட்டத்தார் பகைவர்களால் ஊரையும் மக்களையும் இழந்து சிறுமைப்பட்டுக் கிடந்தார்கள். தங்களுக்கு ஓர் அரசரை நியமித்தால் அல்லாஹ்வின் பாதையில் போர் செய்வோம் என்று அக்காலத்து நபியிடம் முறையிட்டார்கள். அல்லாஹுத்தஆலா தாலூத் என்பவரை அரசராக நியமித்தான். உடனே முணுமுணுப்பு எழுந்தது. தாலூத்திடம் செல்வம் இல்லையே, அவரைவிட நாங்கள் அல்லவா தகுதியுடையவர்கள் என்றார்கள் ஊர்ப் பிரமுகர்கள். அறிவிலும் உடல் வலிமையிலும் அல்லாஹ் அவருக்கு மேன்மை தந்திருக்கிறான் என்று அந்த நபி விளக்கினார்கள். பறிபோன புனிதப் பேழையாகிய தாபூத் திரும்பி வருவதே அவருடைய ஆட்சிக்கு அடையாளம் என்றும் அறிவித்தார்கள். மலக்குகள் சுமந்துவர அது வந்து சேர்ந்தது.

படை புறப்பட்டது. வழியில் ஓர் ஆறு. அதில் நீர் அருந்தக் கூடாது, ஒரு கை அள்ளிக் குடித்தால் மட்டும் குற்றமில்லை என்று தாலூத் கட்டளையிட்டார். ஒரு சிலரைத் தவிர மற்றெல்லோரும் வயிறு நிரம்பக் குடித்துவிட்டார்கள். தாகத்தை அடக்க முடியாதவன் எதிரியை எப்படி அடக்குவான்? கடைசியில் அவரோடு ஆற்றைக் கடந்து நின்றவர்கள் முந்நூற்றுப் பத்துக்குச் சற்று அதிகம். பத்ருப் போரில் கலந்துகொண்ட ஸஹாபாக்களின் தொகையும் இதுவே என்று ஸஹாபாக்கள் தமக்குள் பேசிக்கொள்வார்கள் என்பதை ஹழ்ரத் பராஉ இப்னு ஆஸிப் (ரலி) அறிவித்த செய்தி புகாரி ஷரீஃபில் காணப்படுகிறது.

எதிரே ஜாலூத்தின் பெரும்படை. அதைக் கண்டதும் நமக்குச் சக்தியில்லை என்றவர்களும் இருந்தார்கள். ஆனால் அல்லாஹ்வைச் சந்திப்போம் என்ற உறுதி கொண்டவர்கள், அவனுடைய உதவியால் சிறு கூட்டம் பெருங்கூட்டத்தை வென்றது எத்தனையோ முறை என்று சொல்லித் தேற்றினார்கள். பொறுமையையும் பாதங்களின் உறுதியையும் வெற்றியையும் கேட்டு துஆச் செய்துவிட்டுக் களத்தில் இறங்கினார்கள்.

அந்தக் களத்தில் தாவூது ஜாலூத்தைக் கொன்றார் என்பது திருக்குர்ஆன் அல்பகரா அத்தியாயம் 251-ஆவது வசனம் தரும் செய்தி. எந்த ஆயுதத்தால் என்று குர்ஆன் கூறவில்லை. கையிலிருந்த கவணால் கல் எறிந்து கொன்றார்கள் என்பது பனூ இஸ்ராயீல்களிடமிருந்து வந்த அறிவிப்பு. இமாம் இப்னு கஸீர் அதை இஸ்ராயீலிய்யாத் என்று அடையாளமிட்டே தம் தஃப்ஸீரில் எடுத்துக்காட்டுகிறார்கள். முந்திய வேதக்காரர்களின் நூலிலும் ஆடு மேய்க்கும் இளைஞரான அவர் கவசமும் வாளும் வேண்டாமென்று ஒதுக்கிவிட்டு, ஓடையில் பொறுக்கிய கூழாங்கற்களோடு சென்றதாகவே கூறப்பட்டிருக்கிறது. ஆடு மேய்க்காத நபி எவருமில்லை என்று நம் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருக்கிறார்கள். மந்தையைக் காப்பவனுக்கு ஓநாயை விரட்டக் கவணே உற்ற துணை. ஆகவே இந்தச் செய்தி பொருத்தமானதே. எனினும் உறுதியாக நம்பவேண்டியது குர்ஆன் சொன்ன அளவுதான்: பலவீனமாகத் தோன்றிய ஓர் இளைஞரின் கையால் பலசாலி வீழ்ந்தான்; அது அல்லாஹ்வின் நாட்டத்தால் நடந்தது.

அரசாட்சியும் கைத்தொழிலும்

பின்னர் அல்லாஹ் தாவூது (அலை) அவர்களுக்கு அரசாட்சியையும் ஞானத்தையும் கொடுத்தான். ஸபூர் வேதத்தை அருளினான். அவர்கள் ஆண்டது கி.மு. 1000-ஐ ஒட்டிய காலம் என்று சரித்திரக்காரர்கள் கணக்கிடுகிறார்கள். அவர்களுடைய இனிய குரலோடு சேர்ந்து மலைகளும் பறவைகளும் தஸ்பீஹ் செய்தன. பிற்காலத்தில் ஹழ்ரத் அபூ மூஸா அல்அஷ்அரி (ரலி) அவர்களின் ஓதுதலைக் கேட்ட ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள், தாவூதுடைய குடும்பத்தாரின் இசையில் ஒரு பங்கு அவருக்குக் கிடைத்திருப்பதாகப் புகழ்ந்துரைத்தார்கள்.

அல்லாஹ் அவர்களுக்கு இரும்பை மிருதுவாக்கிக் கொடுத்தான். வளையங்களை அளவாகக் கோத்துப் போர்க் கவசம் செய்யும் தொழிலையும் கற்றுக் கொடுத்தான். இந்த இடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். கவணால் பெயர் பெற்றவர் அவர்கள். ஆனால் அல்லாஹ் தானே கற்றுக்கொடுத்ததாகக் குர்ஆன் எடுத்துச் சொல்லும் தொழில், தாக்குகிற ஆயுதம் செய்வதல்ல. மேனியைக் காக்கிற கவசம் செய்வது. அதற்காக நன்றி செலுத்த வேண்டாமா என்று நம்மையும் கேட்கிறது அந்த வசனம். வீரம் என்பது அடிப்பதில் முடிந்துவிடுவதில்லை. பிறரை அடிபடாமல் காப்பதில்தான் அது முழுமை பெறுகிறது.

நாடாளும் மன்னராக இருந்தும் அவர்கள் தம் கையால் உழைத்ததிலிருந்தே உண்டார்கள். கையால் உழைத்து உண்ணும் உணவைவிடச் சிறந்ததில்லை என்பதற்கு நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துக்காட்டாகச் சொன்னது தாவூது நபியைத்தான். கொல்லுப்பட்டறையிலும், மாங்காய் மண்டியிலும், சந்தையில் தேங்காய் இறக்கும் இடத்திலும் வியர்வை சிந்தும் நம் சகோதரர்கள் இதை நினைத்துத் தலைநிமிரலாம்.

நீதி வழங்கிய முறை

ஒருவருடைய ஆடுகள் இரவில் இன்னொருவரின் விளைநிலத்தில் புகுந்து மேய்ந்துவிட்டன. வழக்கு தாவூது நபியிடம் வந்தது. ஆடுகளையே நிலத்துக்காரருக்குக் கொடுத்துவிட அவர்கள் தீர்ப்பளித்தார்கள் என்றும், இளவயது மகனார் சுலைமான் (அலை) அவர்கள் வேறொரு வழி சொன்னார்கள் என்றும் தஃப்ஸீர்கள் விவரிக்கின்றன. ஆட்டுக்காரர் நிலத்தைப் பண்படுத்திப் பழைய நிலைக்குக் கொண்டுவரட்டும். அதுவரை ஆடுகளின் பாலையும் ரோமத்தையும் நிலத்துக்காரர் அனுபவிக்கட்டும். பிறகு அவரவர் பொருள் அவரவருக்கு. தந்தையார் மகனாரின் யோசனையை ஏற்றுக்கொண்டார்கள். சிறியவர் சொன்னாலும் சரியானதை ஏற்பது பெரியவர்களுக்கு அழகு.

மற்றொரு முறை இருவர் வணக்க அறையின் சுவரேறிக் குதித்து வந்தார்கள். ஒருவரிடம் தொண்ணூற்றொன்பது ஆடுகள். மற்றவரிடம் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றையும் கேட்டு நெருக்குகிறார் என்பது முறையீடு. அது அநீதி என்று தாவூது நபி கூறினார்கள். உடனே இது தமக்கு வந்த சோதனை என்பதை உணர்ந்து ஸுஜூதில் விழுந்து பிழைபொறுக்கத் தேடினார்கள். அல்லாஹ் மன்னித்தான். மனோஇச்சையைப் பின்பற்றாமல் மக்களிடையே நீதியாகத் தீர்ப்பளிக்கும்படி கட்டளையிட்டான். இந்நிகழ்ச்சியைச் சுற்றிப் பிற்காலத்தார் கட்டிய தகாத கதைகளை நம் இமாம்கள் தள்ளிவிட்டார்கள். நபிமார்கள் அத்தகைய பாவங்களைவிட்டும் பரிசுத்தமானவர்கள். ஸாத் அத்தியாயத்தில் இந்த இடத்தை ஓதும்போது ஹனஃபி மத்ஹபில் திலாவத்துடைய ஸஜ்தா செய்யவேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் இது நன்றிக்குரிய ஸஜ்தா. தொழுகைக்கு வெளியே செய்வார்கள், தொழுகைக்குள் செய்வதில்லை.

நோன்பும் தொழுகையும்

நோன்புகளில் அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது தாவூது நபியின் நோன்பு. ஒருநாள் நோற்று ஒருநாள் விடுவார்கள். தொழுகையில் மிக விருப்பமானது அவர்களின் தொழுகை. இரவில் பாதி உறங்கி, மூன்றில் ஒரு பங்கு நின்று வணங்கி, ஆறில் ஒரு பங்கு மீண்டும் உறங்குவார்கள். எந்நாளும் நோன்பிருக்கத் துணிந்த ஹழ்ரத் அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் இந்த அளவைத்தான் எல்லையாகக் காட்டினார்கள். உடலுக்கும் மனைவிக்கும் விருந்தினருக்கும் உள்ள உரிமையைப் பறித்து வணக்கம் செய்ய நமக்கு அனுமதியில்லை. இத்தகைய நோன்பு நோற்றவர்கள் பகைவரைச் சந்தித்தால் புறமுதுகிடாதவர்களாகவும் இருந்தார்கள் என்று ஹதீஸில் வருகிறது. அவர்களுடைய வணக்கம் வீரத்தைக் குறைக்கவில்லை.

நம் பிள்ளைகளின் கையில் உள்ள கல்

இக்காலத்தில் கவண் அருகிவிட்டது. பிள்ளைகள் கையில் ரப்பர் கட்டிய உண்டிவில்தான் இருக்கிறது. ஆகவே பெற்றோர் மூன்று விஷயங்களை அறிந்திருப்பது அவசியம்.

ஒன்று: வீணாகக் கல் சுண்டி எறிவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அது வேட்டைக்கும் உதவாது, பகைவனையும் வீழ்த்தாது; பல்லை உடைக்கும், கண்ணைக் குருடாக்கும் என்பது அவர்கள் சொன்ன காரணம். இந்த ஹதீஸை எடுத்துச் சொன்ன பிறகும் ஒருவர் தொடர்ந்து கல் சுண்டியதைக் கண்ட ஹழ்ரத் அப்துல்லாஹ் இப்னு முகஃப்பல் (ரலி) அவரோடு பேசுவதையே நிறுத்திக்கொண்டார்கள். ஒரு பிள்ளையின் விளையாட்டு மற்றொரு பிள்ளையின் கண் பார்வையைப் பறிக்கலாம். ஆத்திரத்தில் பஸ் மீதும் கடை மீதும் கல்லெறியும் வாலிபர்களுக்கும் இந்த ஹதீஸ் போதுமானது. அங்கே ஜாலூத் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஒரு தாய் இருக்கிறாள்.

இரண்டு: கவண் கல்லாலோ உண்டிவில் கல்லாலோ அடிபட்டுச் செத்த பறவை ஹலால் ஆகாது. அடித்துக் கொல்லப்பட்டதைத் திருக்குர்ஆன் அல்மாயிதா அத்தியாயத்தின் 3-ஆவது வசனம் ஹராம் என்கிறது. எறியும்போது பிஸ்மி சொல்லியிருந்தாலும் சட்டம் மாறாது; ஏனெனில் கல் நசுக்குகிறது, அறுப்பதில்லை. உயிர் இருக்கும்போதே பிடித்து முறைப்படி அறுத்தால்தான் உண்ணலாம். அதிலும், காட்டுப் பறவைகள் பலவற்றை வேட்டையாடுவது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இன்னும், உயிருள்ள பிராணியைக் குறிவைத்துப் பழகுபவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்கள்.

மூன்று: எறியும் பயிற்சியே கூடாது என்பதல்ல. பலம் என்பது எறிவதில் இருக்கிறது என்று நாயகம் (ஸல்) அவர்கள் மிம்பரில் நின்று விளக்கியிருக்கிறார்கள். அம்பெய்யப் பழகவும் ஆர்வமூட்டியிருக்கிறார்கள். மைதானத்தில், பெரியவர் மேற்பார்வையில், உயிரில்லாத குறியை வைத்துப் பழகுவதில் குற்றமில்லை. ஹஜ்ஜில் ஷைத்தானுக்கு எறியும் கல்கூட விரலால் சுண்டும் சிறு கல்லாக இருக்கவேண்டும் என்றும், மார்க்கத்தில் வரம்பு மீறாதீர்கள் என்றும் அவர்கள் எச்சரித்ததை மறக்கலாகாது. ஷைத்தானுக்கு எறிவதிலேயே அளவு உண்டென்றால், மற்ற இடங்களில் எவ்வளவு பேணுதல் வேண்டும்!

தாவூது நபி (அலை) அவர்களுக்கு நூறு வயது பூர்த்தியாக்கப்பட்டது என்று ஹதீஸ் அறிவிப்பொன்றில் காண்கிறோம். அந்த நீண்ட ஆயுளில் கவண் வீசியது ஒருநாள். இரும்பு அடித்ததும், நீதி சொன்னதும், நோன்பு நோற்றதும், இரவில் எழுந்து நின்றதும் எஞ்சிய நாட்கள். பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் தாய்மார்கள் ஜாலூத் விழுந்த இடத்தோடு நிறுத்திவிடாமல் இந்த மற்ற நாட்களையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

வல்ல அல்லாஹ் நம் கரங்களை அநியாயத்தைவிட்டும் காத்து, ஹலாலான உழைப்பிலும் வணக்கத்திலும் நிலைக்கச் செய்வானாக. ஆமீன்.