பாஞ்சாலங்குறிச்சி ஊமைத்துரை

உடன்பிறந்தோர் ஒன்றுகூடி வீட்டை விட்டு ஓடி, தீவிலும் குகையிலும் ஒளிந்து, எதிரிகளை ஏமாற்றித் தப்பும் கதைகள் என்றால் மாணவியராகிய நமக்கு உயிர். ஆங்கில எழுத்தாளர் எனிட் பிளைட்டன் 1938-ல் எழுதிய இரகசியத் தீவுக் கதை அத்தகையதே. ஆயின், அக்கதைகளையும் விஞ்சும் உண்மை வரலாறு ஒன்று நம் புதுக்கோட்டைக்கு அருகில், ஒட்டப்பிடாரத்தை அடுத்த பாஞ்சாலங்குறிச்சியில் நிகழ்ந்தது. அதன் நாயகர் வீரபாண்டியக் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை.

ஊமைத்துரை மெலிந்த உடலினர், பேச்சு வராதவர். சைகையினாலேயே படை நடத்தினார். சில துரும்புகளை இடது உள்ளங்கையில் பரப்பி, அவையே ஆங்கிலப் படை எனக் காட்டி, மறு கையால் துடைத்தெறிவாராம். இதனை எழுதி வைத்தவர் அவரை எதிர்த்துப் போரிட்ட ஆங்கிலேயரான வெல்ஷ் என்பது வியப்பன்றோ!

1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேன் கோட்டையைத் தாக்கினார். தப்பி வடக்கே சென்ற கட்டபொம்மன், நம் ஊரின் பெயரையே தாங்கிய தொண்டைமானின் புதுக்கோட்டைச் சீமையில் பிடிபட்டார். அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். தம்பியர் ஊமைத்துரையும் செவத்தையாவும் பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டனர். கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது.

சிறையில் பெரியம்மை கண்டதால் கைதிகளின் விலங்குகள் கழற்றப்பட்டிருந்தன. 1801 பிப்ரவரி 2-ம் நாள் இரவு, ஆங்கில அதிகாரிகள் விருந்துண்டு கொண்டிருந்த வேளையில், காவலரை மடக்கிச் சகோதரர் தப்பினர். விடிவதற்குள் ஏறத்தாழ 30 மைல் கடந்து பாஞ்சாலங்குறிச்சியை அடைந்தனர். ஒரு வாரத்திற்குள் ஆங்கிலப் படை அங்கு வந்தபோது, இடிக்கப்பட்ட கோட்டை மீண்டும் எழுந்து நின்றது! மக்கள் இரவு பகலாக மண் சுமந்திராவிட்டால் இது நடந்திருக்குமா?

தூத்துக்குடியும் அவர்கள் வசமாயிற்று. அங்கே சிறைப்பட்ட ஆங்கில அதிகாரி ஒருவரை, அவர் மனைவி வந்து மன்றாடவே விடுவித்தனர். மார்ச் 31-ல் நடந்த பெருந்தாக்குதலையும் முறியடித்தனர். ஆனால் கர்னல் அக்னியூ பெரும்படையுடன் வந்து, மே 24-ல் கோட்டையைப் பிடித்தார்.

தப்பியோடிய ஊமைத்துரை உடலெங்கும் காயங்களுடன் வெட்டவெளியில் வீழ்ந்தார். அருகிருந்த சிற்றூரின் தாய் ஒருத்தி, போருக்குச் சென்ற தன் மகனைத் தேடி அங்கு வந்தாள். குற்றுயிராய்க் கிடந்த மகனோ, தன்னை விட்டுவிட்டுப் பக்கத்தில் கிடக்கும் தலைவரைக் காப்பாற்றுமாறு வேண்டினான். பெற்ற மனம் எப்படித் துடித்திருக்கும்! ஆயினும் அவள் ஊமைத்துரையைத் தன் வீட்டிற்குக் கொண்டு சென்றாள். தேடி வந்த எட்டயபுரத்துப் படையினர் நெருங்கியதும், அவரை வெள்ளைத் துணியால் மூடி, பெண்கள் ஒப்பாரி வைத்தனர். பெரியம்மையில் இறந்தவன் எனக் கேட்டதும் வீரர்கள் அஞ்சி ஓடினர்.

உயிர் தப்பிய ஊமைத்துரை சிவகங்கைச் சீமையின் மருது சகோதரரிடம் அடைக்கலம் புகுந்தார். ஆங்கிலேயர் கேட்டும் மருதிருவர் அவரைக் காட்டிக் கொடுக்கவில்லை, போரிட்டனர். 1801 அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் அவர்களும் தூக்கிலிடப்பட்டனர். திண்டுக்கல் பக்கம் சென்ற ஊமைத்துரையும் பிடிபட்டார். நவம்பர் 16-ல், தாம் இரு முறை இழந்த பாஞ்சாலங்குறிச்சி மண்ணிலேயே, சகோதரர் செவத்தையாவுடன் தூக்குமேடை ஏறினார்.

இன்று அங்கு 1974-ல் அரசு கட்டிய நினைவுக் கோட்டை இருக்கிறது. கட்டபொம்மனின் பெயரை நாடே அறியும். ஆனால் அந்தத் தாயின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. கதைப் புத்தகங்களில் ஓடுகிறவர்களுக்குத் தீவும் குகையும் கிடைக்கின்றன; ஊமைத்துரைக்குக் கிடைத்ததோ ஓர் ஏழைத் தாயின் வீடு. மண் கோட்டை பீரங்கிக்கு முன் நிற்கவில்லை, அவ்வீடு நின்றது.

ஏரோதுக்கு அஞ்சி எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பத்திற்கும் யாரோ கதவு திறந்திருப்பார்கள் அல்லவா? வாளேந்தும் வாய்ப்பு நமக்கு வாராது. அடைக்கலம் தேடி வருவோருக்குக் கதவு திறக்கும் வாய்ப்பு என்றேனும் வரும். அன்று அத்தாயை நாம் நினைவு கூர்வோமாக.