வானோடி டாட்டா

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் நாட்டுப் பழமொழி. அத்தகைய காற்றினூடே, துணி போர்த்த சிறு விமானத்தைத் தீங்கின்றித் தரையிறக்குதல் எளிய செயலன்று. அவ்வருஞ்செயலை நாட்டுத் தொண்டாக்கிய பெருமகனார் ஜே. ஆர். டி. டாட்டா ஆவார்.

இவர் 1904-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 29-ஆம் நாள் பாரிசு மாநகரில் பிறந்தார். தந்தையார் பார்சி வணிகர். தாயார் பிரெஞ்சு நாட்டவர். 1909-இல் ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் கடந்து புகழ்பெற்ற பிளேரியோவின் குடும்பம், கோடை நாட்களில் இவர்களுக்கு அண்டை வீட்டாராய் இருந்தது. அதனால் இளமையிலேயே வானூர்தியின்மீது இவருக்குத் தணியாத வேட்கை உண்டாயிற்று. 1929-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 10-ஆம் நாள், இந்தியாவில் முதல் எண்ணுடைய விமானி உரிமத்தைப் பெற்றார்.

1932-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 15-ஆம் நாள், கராச்சியிலிருந்து அஞ்சல் மூட்டைகளைச் சுமந்துகொண்டு, தன்னந்தனியராய்ச் சிறு விமானத்தில் புறப்பட்டார். ஆமதாபாத்தில் இறங்கி எரிநெய் நிரப்பிக்கொண்டு, பம்பாயின் சூகு திடலை அடைந்தார். அங்கிருந்து அவர்தம் தோழர் நெவில் வின்சென்ட் அஞ்சலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார்.

மறு ஆண்டு தென்மேற்குப் பருவக்காற்று எழுந்தபொழுதுதான் உண்மையான சோதனை வந்தது. சூகு திடல் சேறாயிற்று. விமானங்கள் பூனாவில் இறங்க வேண்டியதாயிற்று. வழியிலோ மேற்குத் தொடர்ச்சி மலையும் மழைமுகிலும் மறித்தன. வழிகாட்ட வானொலிக் கருவியும் இல்லை.

காற்று சீராக வீசுமாயின், அதனை எதிர்நோக்கி இறங்குதல் நன்று. ஊர்தி நிலத்தின்மேல் செல்லும் விரைவு குறையும். விட்டுவிட்டு வீசுங்காற்றோ வஞ்சகமுடையது. அது திடீரென ஓயும்பொழுது இறக்கைகளைத் தாங்கும் விசை குன்றும். ஊர்தி பள்ளத்தில் விழுவதுபோலத் தாழும். ஆதலின் விமானி வழக்கத்தினும் சற்று மிகுந்த விரைவோடு இறங்குவான். காற்றுப் பக்கத்திலிருந்து வீசின், அப்பக்கத்து இறக்கையைச் சிறிது தாழ்த்தி, சுக்கானால் ஊர்தியின் முகத்தை நேராக்குவான். அப்பொழுதும் ஊர்தி நிலைகொள்ளாதாயின், பொறியை முடுக்கி மேலெழுந்து மறுமுறை வருவான். அங்ஙனம் மீண்டெழுதல் கோழைத்தனமன்று, அறிவுடைமையே ஆகும். சக்கரங்கள் நிலத்தைத் தொட்ட பின்னரும், ஊர்தி நிற்குமளவும் அவன் கை தளர்தலாகாது.

டாட்டாவின் விமானப் பணி இத்தகைய விழிப்புடன் நடைபெற்றது. 1933 அக்டோபரில் ஓராண்டு நிறைவுற்றபொழுது, மழைக்காலத்திலும் ஒருமுறையேனும் காலந்தவறாத இப்பணியை அரசினரின் வான்போக்குவரத்துத் துறை பாராட்டியது. அன்று தொடங்கிய பணியே பின்னர் ஏர் இந்தியாவாக வளர்ந்தது.

1982-இல், தம் 78-ஆம் அகவையில், கராச்சியிலிருந்து பம்பாய்க்குச் சிறு விமானத்தைத் தாமே மீண்டும் ஓட்டிவந்தார். 1992-இல் பாரத ரத்தினா விருது பெற்ற இவர், 1993-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29-ஆம் நாள் செனீவா நகரில் இயற்கை எய்தினார்.

காற்றைத் தடுத்து நிறுத்த எவராலும் இயலாது. அதன் இயல்பை அறிந்து, பதறாது, வேண்டுமிடத்து மீண்டும் முயல்வோர் தாம் கருதிய இடத்தை அடைவர். டாட்டாவின் வாழ்க்கை நமக்கு உணர்த்துவது இதுவே.