புழுதியே வந்து சாட்சி சொன்னது! மண்ணுக்காக வாதாடிய ஹ்யூ பென்னெட்டின் கதை

வீட்டில் ஒரு சின்னப் பரிசோதனை பண்ணிப் பாருங்க. சமையலறை மேடை மேல் தடிமனான துண்டு ஒன்றை விரித்து, அதில் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றுங்கள். துண்டு அப்படியே குடித்துவிடும். இப்போது துண்டை எடுத்துவிட்டு, வெறும் மேடையில் அதே அளவு தண்ணீரை ஊற்றுங்கள். நேராக உங்கள் காலில்தான் வந்து விழும்.

அமெரிக்க நாடாளுமன்றக் கமிட்டி ஒன்றின் முன்னால், பளபளப்பான மேஜை மேல் இதைச் செய்து காட்டிய மனிதர் ஒருவர் உண்டு என்று சொல்வார்கள். தண்ணீர் உறுப்பினர்களின் மடியில் வழிந்ததாம். புல்லும் இலைதழையும் மூடிய நிலம்தான் துண்டு. உழுது வெறுமையாக விட்ட நிலம் மேஜை. பாடம் அவ்வளவுதான். ஆனால், அதை ஒரு நாட்டுக்குப் புரியவைக்க அவருக்குக் கிட்டத்தட்ட முப்பது வருஷம் ஆனது.

அவர் பெயர் ஹ்யூ ஹம்மண்ட் பென்னெட். அமெரிக்காவில் மண் பாதுகாப்பின் தந்தை என்று இவரைத்தான் சொல்கிறார்கள். 1881 ஏப்ரல் 15 அன்று வட கரோலினா மாநிலத்தில், வேட்ஸ்போரோ என்ற ஊருக்குப் பக்கத்தில் பிறந்தார். பருத்தி விவசாயக் குடும்பம். செம்மண் சரிவில் வரப்பு போட அப்பாவுக்கு உதவிய பையன். மழைக்கு மண் போய்விடாமல் இருக்கத்தான் இந்தப் பாடு என்பது அந்த வயதிலேயே தெரிந்துவிட்டது. 1903-ல் பட்டம் வாங்கியதும் மத்திய அரசின் மண் ஆய்வுத் துறையில் வேலை. ஊர் ஊராகப் போக வேண்டும். குழி போட்டு மண்ணைப் பார்க்க வேண்டும். வரைபடம் போட வேண்டும். பெரிய கௌரவமான வேலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

1905-ல் வர்ஜீனியாவின் லூயிசா பகுதிக்கு அனுப்பினார்கள். ஒருகாலத்தில் நன்றாக விளைந்த நிலம் ஏன் மோசமாகிவிட்டது என்று கண்டுபிடிக்க வேண்டும். அங்கே பென்னெட்டும் அவருடன் போன ஆய்வாளரும் அக்கம்பக்கமாக இரண்டு நிலங்களைப் பார்த்தார்கள். ஒரே சரிவு, அடியில் ஒரே பாறை. ஒன்று காடாகவே விடப்பட்டது. அதன் மண் கையால் தோண்டும் அளவுக்குப் பொலபொலவென்று, ஈரத்தோடு இருந்தது. இன்னொன்று பல காலம் உழுது பயிர் செய்தது. அதில் மேல்மண்ணே இல்லை. கெட்டிப்பட்ட களிமண்தான் மிச்சம்.

பெரிய பள்ளமோ ஓடையோ அறுத்துப்போகவில்லை என்பதுதான் இதில் முக்கியம். ஒவ்வொரு மழையிலும் ஒரு தாள் கனத்துக்கு மண் உரிந்து போயிருக்கிறது. ஒரு வருஷத்தில் விவசாயி கண்ணுக்கே தெரியாது. பேரன் காலத்தில் நிலமே இருக்காது. பென்னெட் வாழ்நாள் முழுக்கச் சுமந்த விஷயம் இதுதான்.

இங்கேதான் வேடிக்கை. அவர் வேலை பார்த்த அதே துறை 1909-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. நாட்டின் மண் தீர்ந்துபோகாத, அழிக்க முடியாத சொத்து என்பது அதன் சாரம். சொந்த ஆபீஸே இப்படிச் சொன்னால் மனுஷன் என்ன செய்வார்? எழுதினார், பேசினார், மறுபடியும் எழுதினார். 1928-ல், மண் அரிப்பு என்பது தேசிய ஆபத்து என்று தலைப்பிலேயே சொல்லும் சிறு அறிக்கை ஒன்றை இன்னொருவருடன் சேர்ந்து வெளியிட்டார். அது வேலை செய்தது. அடுத்த ஆண்டு, ஆய்வு நிலையங்கள் அமைக்க நாடாளுமன்றம் 1,60,000 டாலர் ஒதுக்கியது. சரிவில் சின்னச் சின்னப் பாத்திகள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு தொட்டி. ஒரு பாத்தியில் மக்காச்சோளம், ஒன்றில் புல். மழை பெய்ததும் தொட்டியில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மண் என்று அளந்தார்கள். அதுவரை இவர் வாயால் சொன்னதைத் தொட்டிகள் எடைபோட்டுச் சொன்னன.

இதே சமயத்தில் நாட்டின் நடுவில் வேறொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. முதல் உலகப் போர் கோதுமை விலையை ஏற்றிவிட்டது. கன்சாஸ், ஓக்லஹோமா, டெக்சாஸ் சமவெளிகளில் டிராக்டர் இறங்கி, மண்ணைக் கட்டிவைத்திருந்த புல்வெளியைப் பெயர்த்து எடுத்தது. 1920-களில் ஓரளவு மழையும் பெய்ததால் யாரும் கவலைப்படவில்லை. 1930-களில் வறட்சி வந்தது. பயிர் கருகியது, காற்று அடித்தது. பிடித்துவைக்க வேர் இல்லாத மண் எழுந்து பறந்தது.

வறட்சி அங்கே புதுசு இல்லை. முன்பும் வந்திருக்கிறது, புல் தாங்கியிருக்கிறது. இந்த முறை துண்டை எடுத்துவிட்டார்கள். பருவநிலை பற்றி இன்று பேசும்போதெல்லாம் எனக்கு இந்த இடம்தான் ஞாபகம் வருகிறது. வானம் செய்வது பாதிதான். மீதியைத் தரை எப்படி இருக்கிறது என்பது முடிவு செய்கிறது.

1934 மே மாதம் கிளம்பிய ஒரு புழுதிப் புயல் சிகாகோ, நியூயார்க், வாஷிங்டன் வரை வந்தது. அட்லாண்டிக் கடலில் நின்ற கப்பல்களின் மேல்தளத்திலும் சமவெளியின் மண் படிந்தது. 1935 ஏப்ரல் 14-ம் தேதி வீசிய புயலை இன்றும் கறுப்பு ஞாயிறு என்றே சொல்கிறார்கள்.

அந்த வசந்த காலத்தில்தான் மண் பாதுகாப்புக்கு நிரந்தரத் துறை வேண்டும் என்று செனட் கமிட்டி முன்னால் பென்னெட் பேசினார். மேற்கிலிருந்து இன்னொரு புழுதிப் புயல் வந்துகொண்டிருப்பது அவருக்குத் தெரியும். அதனால் பேச்சை வேண்டுமென்றே இழுத்தாராம். புள்ளிவிவரத்துக்கு மேல் புள்ளிவிவரம். உறுப்பினர்கள் நெளிய ஆரம்பித்த நேரத்தில் வெளியே வெளிச்சம் மங்கியது. எல்லோரும் ஜன்னலுக்குப் போனார்கள். சாட்சி வந்து சேர்ந்திருந்தது! அவர் வாழ்க்கையை எழுதியவர் சொல்லும் கதை இது. எந்தத் தேதியில் நடந்தது என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை. கொஞ்சம் மசாலாவும் சேர்ந்திருக்கலாம். ஆனால், 1935 ஏப்ரல் 27 அன்று மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது மசாலா இல்லை. புதிய துறைக்கு பென்னெட்டே தலைவர்.

சட்டம் வருவதற்கு முன்பே, 1933-ல் கிடைத்த ஒரு தற்காலிக அமைப்பை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கியிருந்தார். முதல் இடம் விஸ்கான்சின் மாநிலத்தின் கூன் பள்ளத்தாக்கு. செங்குத்தான சரிவுகள். விவசாயிகள் மேலிருந்து கீழாக உழுதுகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு உழவுசாலும் மழைத் தண்ணீருக்கு வாய்க்காலாகிவிடும். சரிவுக்குக் குறுக்கே உழ வேண்டும் என்று நம்ம ஊர் மானாவாரி விவசாயிக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே சொல்ல வேண்டியிருந்தது. மக்காச்சோளம் ஒரு பட்டை, தீவனப் புல் ஒரு பட்டை என்று சரிவின் வளைவை ஒட்டியே மாற்றி மாற்றி விதைத்தார்கள். செங்குத்தான காட்டுப் பகுதியில் மாடு மேய்வதை நிறுத்தினார்கள். 400-க்கும் மேற்பட்ட விவசாயிகள் ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஓடும் தண்ணீரை நடக்கவை, நடக்கும் தண்ணீரை நிறுத்தி உள்ளே இறக்கு, இதுதான் மொத்த தந்திரமும். பல வருஷம் கழித்து அளந்தபோது, அந்தப் பள்ளத்தாக்கில் சேரும் வண்டலின் அளவு 1930-களில் இருந்ததில் சின்னப் பங்காகச் சுருங்கியிருந்தது.

அரசாங்கம் மட்டுமே செய்தால் நிற்காது என்பதால், விவசாயிகளே நிர்வகிக்கும் உள்ளூர் மண் பாதுகாப்பு வட்டாரங்கள் வந்தன. 1937-ல் அமைந்த முதல் வட்டாரம் பிரவுன் க்ரீக். பென்னெட் பிறந்து வளர்ந்த பண்ணையும் அதற்குள்தான் வருகிறது. எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த தகவல் இது.

பிடிக்காத தகவல்களும் இருக்கின்றன. அரிப்பைத் தடுக்க என்று ஜப்பானியக் கொடியான குட்ஸுவைத் தென் மாநிலங்களில் இவர் துறை கோடிக்கணக்கில் நட வைத்தது. நட்டவர்களுக்குக் காசும் கொடுத்தது. இன்று அது மரங்களையும் பாழடைந்த வீடுகளையும் போர்த்திக்கொண்டு நிற்கிறது. நம் சீமைக் கருவேலம் நினைவுக்கு வருகிறதா? அதைவிடக் கசப்பானது நவஹோ பழங்குடி மக்களின் கதை. மேய்ச்சல் அதிகமாகி மண் போகிறது என்று அவர்களுடைய ஆடுகளை அரசாங்கம் கட்டாயமாகக் குறைத்தது. ஆடுதான் அவர்களுக்குச் சாப்பாடு, சொத்து, கௌரவம் எல்லாம். பென்னெட்டின் ஆட்கள் செய்த நில ஆய்வுகள் அதற்கு ஆதாரமாக நின்றன. கூன் பள்ளத்தாக்கில் விவசாயியிடம் கையெழுத்து கேட்டவர்கள், இங்கே அந்த மக்களின் சம்மதத்துக்குக் காத்திருக்கவில்லை. மண்ணைக் காக்கிறேன் என்று சொல்பவர்கள் யாரிடம் கேட்டுச் செய்கிறார்கள் என்பதும் ஒரு கேள்விதானே?

பென்னெட் 1960 ஜூலை 7 அன்று காலமானார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். அவர் தொடங்கிய துறை பெயர் மாறி இன்றும் இயங்குகிறது.

ஆனால், வானம் மாறிவிட்டது. காற்றின் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால், அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவிகிதம் கூடும். அதனால்தான் ஒரு வாரத்து மழை ஓர் இரவில் கொட்டுகிறது. 2018 ஆகஸ்ட் இறுதியில் கூன் பள்ளத்தாக்குப் பகுதியில் அப்படித்தான் கொட்டியது. சில இடங்களில் 10 அங்குலத்துக்கும் மேல். வெள்ளத்தைத் தடுக்க அங்கே பிற்காலத்தில் கட்டிய சிறு அணைகளில் மூன்று உடைந்தன. பழைய மழையைக் கணக்குப் போட்டுக் கட்டியவை அவை. மிச்சமிருக்கும் அணைகளையும் அகற்றிவிடலாம் என்று பென்னெட்டின் துறையே பின்னர் பரிந்துரைத்தது.

வெள்ளம் வடிந்தபின் அந்தப் பள்ளத்தாக்கு மக்கள் தங்களுக்கென்று ஒரு நீர்ப்பிடிப்புக் குழு அமைத்திருக்கிறார்கள். அறுவடை முடிந்த நிலத்தை வெறுமையாக விடாமல் எதை விதைப்பது, எந்தச் சரிவைப் புல்லுக்கே விட்டுவிடுவது என்று இப்போது அவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.